மிஸி அண்ணைக்குக் களைப்பு வந்த கதை

நேர்ஸ் வேலைக்கு வருகிறவருக்கு ஓடத் தெரிந்தால் போதும். நடப்பதற்கு இங்கே யாரும் நேரம் தரமாட்டார்கள். நான் பதினொரு வருடமாக ஓடுகிறேன். குடாநாட்டில் ஓர் அரசாங்க ஆசுப்பத்திரி. எது என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த கிழமையே யாராவது வந்து, "என்னைப் பற்றியோ எழுதினனீர்?" என்று வாசலில் நிற்பார்கள். இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால், ஒரு வகுப்புக்கு முன்னால், அல்லது ஒரு பஸ்ஸின் மிதிபலகையில் நின்று, "ஏலாது" என்ற சொல்லைத் தினமும் விழுங்குகிறவராகத்தான் இருப்பீர்கள். அப்படியென்றால் கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுங்கள். நாமெல்லாம் ஒரே ஆசுப்பத்திரி வோட்டுக்காரர்!

என்ன சொல்லிக் கூப்பிடுவது?

என் பெயர் சுதாகரன். ஆண் நோயாளிகள் படுக்கிற வோட்டில் ஆண் நேர்ஸ். எங்கள் பக்கத்தில் நேர்ஸ் என்றால் "மிஸி". வெள்ளை உடுப்போடு ஒரு பெண் கட்டிலடிக்கு வந்தால் நோயாளி யோசிக்காமல் அப்படித்தான் கூப்பிடுவார். வெள்ளைச் சேட்டும் மீசையுமாக நான் போய் நின்றால்தான் திண்டாட்டம். சிலர் "டொக்டர்" என்பார்கள். நான் டொக்டர் இல்லை என்றதும் ஏமாந்த முகத்தோடு, "அப்ப நீர் ஆர்?" என்பார்கள். மகனைப் பார்க்க வந்த ஓர் அம்மா, என்னைக் கூப்பிட்டுக் கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று முறைப்பாடே செய்துவிட்டுப் போனார்.

பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர்தான் இந்தச் சிக்கலைத் தீர்த்தார். நிமோனியாவோடு வந்தவர். இரண்டு நாள் மூச்செடுக்கவே பாடுபட்டார். மூன்றாம் நாள் காலை ஒட்சிசன் மாஸ்க்கைத் தானே கழற்றி வைத்துவிட்டு, கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற அதே குரலில் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், முப்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தன! அன்றிலிருந்து ஆசுப்பத்திரி முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

"மிஸி அண்ணை! ஒருக்கா இஞ்சாலை வாங்கோவன், எனக்குப் பசிக்குது!"

ஒரு மணிக்கு வாசலில்

என் மனைவி வதனியும் நேர்ஸ். அதே ஆசுப்பத்திரி, பிள்ளைகள் வோட். எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். ஒருவருக்குக் காலை வேலை என்றால் மற்றவருக்குப் பின்னேர வேலை என்று நாங்களே கேட்டு மாற்றி வைத்திருந்தோம். ஆகவே புருசனும் பெண்சாதியும் முகம் பார்த்துக் கதைக்கிற இடம் ஆசுப்பத்திரி வாசல், நேரம் பகல் ஒரு மணி, மொத்தம் மூன்று நிமிடம்.

வேலை மாறும்போது நாங்கள் அடுத்தவருக்கு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்போம். அந்தப் பழக்கம் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வதனி மூச்சு விடாமல் சொல்வாள்: "காலமை இடியப்பம் ஒண்டரை. பத்து மணிக்குப் பால், நூறு மில்லி. ஒருக்காப் பாலைச் சத்தியெடுத்தவ, கொஞ்சம்தான். காய்ச்சல் இல்லை. பதினொண்டுக்குப் படுத்தவ, இப்பதான் எழும்பினவ." நானும் தலையாட்டிக்கொண்டே மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொள்வேன். "நீர் சாப்பிட்டீரோ?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அவள் என்னைக் கேட்டாளா? அவளும் இல்லை. மாதக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருந்த வாசல் காவலாளி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"தம்பி, பிள்ளைக்குச் சுகமெண்டு துண்டு வெட்டி வீட்டை அனுப்புறியளோ, இல்லாட்டி வோட் மாத்துறியளோ?"

ஐம்பது மில்லி

மார்கழி மழையோடு டெங்கு வந்தது. கட்டில்கள் நிறைந்து, கட்டில்களுக்கு இடையில் பாய் விரித்து, பாயும் நிறைந்தது. அந்த வருடம் எங்கள் வோட்டில் இருந்து இரண்டு பேர் வெளிநாடு போயிருந்தார்கள், ஒருவர் பிரசவ லீவு. மிச்சப் பேர் அவர்களுடைய வேலையையும் சேர்த்து இழுத்தோம். டெங்கு நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சலம் போனார் என்று மணிக்கு மணி அளந்து எழுதி, கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு என்றால் பரவாயில்லை. இருபத்திரண்டு பேருக்கு!

பதினொன்றாம் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். காய்ச்சல் நூற்றிரண்டிலும் நான் எழுதுகிற தாளைக் கண்ணாடி போட்டு வாசிப்பார். நான் தொடர்ந்து பதினெட்டு நாள் லீவில்லாமல் நின்ற சமயம் அது. ஒரு காலை, தாளை எழுதிவிட்டு நகர்ந்தவனைச் சேட்டில் பிடித்து நிறுத்தினார். நுளம்பு வலைக்குள் இருந்து ஒரு விரல் வெளியே வந்து தாளில் ஓர் இடத்தைத் தொட்டது. அவர் சொன்னது முழு வோட்டுக்கும் கேட்டது.

"தம்பி, நீர் கூட்டினதிலை அம்பது மில்லி பிழை. எனக்கு ஒண்டும் செய்யாது, நீர் போய் எப்பன் படும்!"

கலியாண வீட்டில் ஒரு கை

படுத்தேனா? எங்கே! அடுத்த நாள் கிடைத்த அரை நாள் லீவில் வதனியின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கலியாணம். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் மாமனார் முறையான ஒருவர் இருந்தார். தோட்டம் செய்கிற மனிதர். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் நரம்பு கயிறு மாதிரி ஓடுகிறது! ஒரு கிழமையாக டெங்குக்காரரின் வற்றிப்போன கைகளில் நரம்பு தேடித் தேடி அலுத்தவன் நான். என்னை அறியாமல் அவருடைய கையைத் தூக்கி மடியில் வைத்து, பெருவிரலால் தடவி, "என்ன அருமையான நரம்பு!" என்று சொல்லிவிட்டேன். இலைக்கு எதிரே இருந்த வதனி கண்ணால் எரித்தாள்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போனவன், அங்கே குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏசவில்லை, பாயசம்கூட நன்றாக இருந்தது. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று மறுபடி அவருடைய கையைப் பிடித்தேன். அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"கையை விடும் தம்பி, நான் இன்னும் பாயசம் குடிக்கேல்லை!"

ஒன்பதாம் கட்டில்

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். விட்டால் மற்றதெல்லாம் வெறும் பகிடியாகிவிடும்.

வோட்டில் இரண்டு செல்வராசாக்கள் இருந்தார்கள். ஒருவர் ஒன்பதாம் கட்டில். மீன் முள்ளுக் குத்திக் கால் வீங்கி வந்த படகோட்டி. மற்றவர் பத்தொன்பதாம் கட்டில், நெஞ்சுச் சளி. பத்தொன்பதுக்குப் பென்சிலின் வகை ஊசி. ஒன்பதுக்கோ அந்த மருந்தே ஆகாது; கட்டில் தலைமாட்டுத் தாளில் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுதியதே நான்தான்! காலை பத்து மணி. ஒரு பக்கத்தில் ஒருவருக்குச் சத்தி, இன்னொரு பக்கத்தில் ரெலிபோன் அடிக்கிறது. பத்தொன்பதின் ஊசியை எடுத்துக்கொண்டு நேரே ஒன்பதுக்குப் போனேன். "செல்வராசாதானே?" என்றேன். "ஓம்" என்றார். கையில் ஏற்கனவே குழாய் போட்டிருக்கிறது. மூடியைத் திறந்து ஊசியைப் பொருத்தினால் ஒரு நிமிட வேலை. மூடியைத் திறந்தேன்.

"நில்லும் தம்பி," என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்குக் காலமை ஊசி போட்டாச்சல்லோ? இது என்ன புதுசாய்? நான் செல்வராசாதான், ஆனால் அங்காலை யன்னலடியிலை ஒரு செல்வராசா கிடக்கிறார், நான் அவரில்லை." சிவப்பு எழுத்து அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நான் அவருடைய கட்டிலிலேயே குந்திவிட்டேன். ஊசி இன்னும் என் கையிலேயே இருந்தது. அதை வாங்கிப் பத்திரமாகத் தட்டத்தில் வைத்தது யார் தெரியுமா? நோயாளி! நடந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன், அந்த மருந்து உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன். ஏசுவார், ஆட்களைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் வீங்கிய காலை மெல்ல நகர்த்தி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

"எஞ்சின் சூடேறி நடுக்கடலிலை நிண்டால்தான் தம்பி பயம், உமக்குக் கரையிலை வச்சே நிண்டிட்டுது."

லாச்சிக்குள்

எங்கள் வோட்டுக்குப் பொறுப்பு பரமேஸ்வரி சிஸ்டர். ஐம்பத்துநான்கு வயது, கண்டிப்பு. அவர் வருகிற சப்பாத்துச் சத்தத்துக்கே கட்டில் விரிப்புகள் தானாக நேராகும் என்று சொல்வார்கள். அன்று வேலை முடிந்ததும் அவருடைய அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டொக்டருக்கு அறிவித்தார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி, கையொப்பம் வாங்கினார். பிறகு நான் சேட்டுப் பையில் இருந்து இன்னொரு கடிதத்தை எடுத்து வைத்தேன். வேலையை விடுகிறேன் என்ற கடிதம். எழுதும்போது தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

சிஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். "இரும்," என்றார். மேசை லாச்சியை இழுத்து என் கடிதத்தை உள்ளே போட்டார். உள்ளே ஏற்கனவே மூன்று கடிதங்கள்! எனக்கு வாய் மூடவில்லை. "ஆரின்ரை சிஸ்டர்?" என்றேன். "பேர் சொல்லமாட்டன். களைச்ச ஆக்கள் எழுதுற கடிதத்தை நான் உடனை மேலை அனுப்புறேல்லை. மூண்டு மாதம் கழிச்சும் வேணுமெண்டால் வந்து கேளும், அனுப்பிவிடுறன். இப்ப பத்து நாள் லீவு போடும். ஒரு மனநல டொக்டரையும் போய்ப் பாரும். வெக்கப்படாதையும், கால் முறிஞ்சால் நொண்டிக்கொண்டோ வேலைக்கு வருவீர்?" நான் எழுந்து கதவுவரைக்கும் போனேன். பின்னால் லாச்சி மூடுகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அதிலை அடியிலை கிடக்கிறது என்ரை."

இருபத்தேழும் இருபத்தெட்டும்

எங்கள் ஆசுப்பத்திரியில் மனநல டொக்டரைப் பார்க்கப் போனால் பார்க்கிற முகமெல்லாம் தெரிந்த முகம். ஆகவே முக்கால் மணித்தியாலம் பஸ் ஏறி வேறோர் ஆசுப்பத்திரிக்குப் போனேன். வதனியிடம் மோட்டார்சைக்கிளைக் கராச்சில் விடப் போவதாகச் சொன்னேன். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் இருபத்தேழாம் நம்பர். நோயாளிகளுக்கு "இதிலை என்ன வெக்கம்?" என்று பதினொரு வருடமாகச் சொன்ன வாய்! நீள மர வாங்கில் ஓர் ஓரமாக, குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

சற்று நேரத்தில் பக்கத்தில் ஒரு பெண் வந்து இருந்தாள். அவளும் மாஸ்க், அவளும் குனிந்த தலை. என் கண்ணுக்குத் தெரிந்தது அவளுடைய கைப்பை மட்டும்தான். அந்தப் பையின் பிடி அறுந்த இடத்தில் ஆசுப்பத்திரிப் பிளாஸ்ரர் சுற்றியிருந்தது. அதைச் சுற்றியது நான்! மெல்ல நிமிர்ந்தேன். அவளும் நிமிர்ந்தாள்.

"நீங்கள் கராச்சுக்குப் போறன் எண்டல்லோ சொன்னனீங்கள்?" என்றாள் வதனி.

"நீர் பிள்ளையை அக்கா வீட்டை விட்டிட்டுத் தையல்காரியிட்டைப் போறன் எண்டல்லோ சொன்னீர்?"

அவளுடைய கையில் இருபத்தெட்டாம் நம்பர். அவளுடைய வோட்டில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது, எட்டு மாதக் குழந்தை. ஒரு மாதமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கும்போதெல்லாம் கை மரத்துப்போகிறதாம். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. மூன்று நிமிடத்துக்குள் இடியப்பக் கணக்கு மட்டும்தானே கதைத்தோம்! அந்த வாங்கிலேயே அவள் சொல்லத் தொடங்கினாள், நானும் ஒன்பதாம் கட்டிலைச் சொன்னேன். கண்ணைத் துடைக்கிறோம், கராச்சும் தையல்காரியும் ஞாபகம் வந்து சிரிப்பு வெடிக்கிறது, மறுபடி கண்ணைத் துடைக்கிறோம். எதிர் வாங்கில் இருந்தவர்கள் நாங்கள் மெய்யாகவே சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். அங்கே பெயர் பதிகிற மிஸி வெளியே வந்து, இரண்டு பேருடைய விலாசத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, குடும்பமோ? முதலே சொல்லியிருந்தால் ஒரே கொப்பியிலை எழுதியிருப்பனே!"

கரப்பந்து

டொக்டர் சொன்னது மந்திரம் ஒன்றும் இல்லை. நித்திரை கொள்ளுங்கள், கிழமைக்கு ஒருக்கால் வந்து கதையுங்கள், இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு எடுங்கள், உடம்பு வியர்க்க ஏதாவது விளையாடுங்கள். பத்து நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது வோட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. ஊசி போட முன்னர் இரண்டு பேர் பெயரும் கட்டில் இலக்கமும் பார்க்க வேண்டும், நோயாளியே தன் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் ஆளுக்கு ஆள் மாறி இருந்து ரீ குடிக்க வேண்டும். நின்றுகொண்டு குடித்தால் சிஸ்டர் கோப்பையைப் பறிப்பார். லீவில் நிற்கிறவருக்குப் போன் எடுக்கக்கூடாது. டெங்கும் மெல்லக் குறைந்தது.

அதோடு வியாழக்கிழமைப் பின்னேரங்களில், உடுப்புத் தோய்க்கிற கட்டடத்துக்குப் பின்னால் கரப்பந்து! வேலை முடிந்தவர்கள் எல்லாரும் வரலாம், ஆண் பெண் பேதமில்லை. மாசி மாதம் எங்கள் வோட்டுக்கும் அலுவலகக்காரருக்கும் போட்டி வைத்தார்கள். அவர்கள் எல்லாரும் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து பலம் சேர்த்தவர்கள். ஆளுக்கொரு சுற்று வென்றாயிற்று, கடைசிச் சுற்று இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. அந்த நேரம் பார்த்து எங்கள் வோட் உதவியாளர், அற்றெண்டன் குணம் அண்ணைக்குக் கால் பிரண்டது. ஆள் குறைகிறது! எல்லாரும் திகைத்து நிற்க, ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பரமேஸ்வரி சிஸ்டர் மணிக்கூட்டைக் கழற்றி வதனியிடம் கொடுத்தார். சப்பாத்தைக் கழற்றினார். பந்தை வாங்கி நிலத்தில் இரண்டு தரம் தட்டினார்.

அவர் பள்ளிக்கூடக் காலத்தில் மாகாண அணிக்கு ஆடியவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது! பந்து வலையை உரசிக்கொண்டு போய் விழுந்த இடத்தில் அலுவலகக்காரர் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்துநான்கு! வோட் யன்னல்கள் எல்லாம் தலைகள். சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு விறாந்தைக்கு வந்து நிற்கிறார் ஒருவர், பாதிச் சாப்பாட்டுக் கோப்பையோடு ஒருவர். அடுத்த பந்தும் அதே இடம். இருபத்தைந்து! வென்றுவிட்டோம்! வதனி மணிக்கூட்டோடு துள்ளுகிறாள், மகள் காரணம் தெரியாமல் கை தட்டுகிறாள், நான் குணம் அண்ணையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். லாச்சிக் கடிதங்களில் ஒன்றை மட்டும் சிஸ்டர் அந்த மாதம் மேலே அனுப்பினார். அதை எழுதிய இளம் நேர்ஸ் தங்கச்சி மூன்று மாதம் யோசித்து, போகத்தான் வேண்டும் என்று நிம்மதியாகப் போனாள். மற்ற மூன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை என்பதை அன்று அவருடைய முகத்திலேயே கண்டேன். விறாந்தையில் இருந்து சேலைன்காரர் கத்தினார்.

"விடாதையுங்கோ சிஸ்டர், இன்னொண்டு போடுங்கோ, ஊசி போட்ட கையல்லோ அது!"

கீரிமலையில் ஒரு லீவு நாள்

வதனி பிள்ளைகள் வோட்டில் இருந்து வெளிநோயாளர் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றம் கேட்டாள், கிடைத்தது. வைகாசி மாதத்தில்தான் மூன்று பேரும் சேர்ந்து ஊர் சுற்ற ஒரு முழு நாள் லீவு கிடைத்தது. கீரிமலைக்குப் போனோம். கேணியில் முங்கி எழும்பி, ஈரத் தலையோடு மூன்று பேரும் கடலைக் கடைப் பக்கம் நடந்தோம். ஆசுப்பத்திரிக் கதை கதைக்கிறவர் மற்றவருக்குக் கடலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அதுவரை ஒருவரும் தோற்கவில்லை.

திடீரென்று முன்னால் ஒரு சத்தம். வேட்டியோடு நடந்து வந்த ஒரு மனிதர், அறுபது வயதிருக்கும், சரிந்து விழுந்தார். கூட்டம் கூடுகிறது. "ஆராவது டொக்டர் நிக்கிறியளோ?" என்று யாரோ கத்துகிறார்கள். நான் வதனியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்னர் என்றால் நான் அந்தச் சத்தம் கேட்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் இப்போது இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம்! மகளைக் கடலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வதனி நாடியைப் பிடிக்கிறாள், நான் கூட்டத்தை விலக்கிக் காற்று விடுகிறேன். உடம்பெல்லாம் குளிர் வியர்வை, பேச்சுக் குழறுகிறது. "நீரிழிவோ ஐயா? காலமை குளிசை போட்டனீங்களோ?" என்று வதனி காதுக்குள் கேட்டாள். தலை ஆடியது. இறந்த தாயின் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர், மாத்திரையைப் போட்டுவிட்டு, காரியம் முடியும்வரை சாப்பிடாமல் நின்றதில் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது. விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, இனிப்பான சிவப்புச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பத்து நிமிடம் பிடித்தது. கண் தெளிந்தது, முகத்தில் நிறம் ஏறியது, சொந்தக்காரர் ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்த நிறம் ஏறுகிற நேரம் இருக்கிறதே, அதைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எனக்கு நெஞ்சுக்குள் மத்தளம் அடித்தது. இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம்! வதனியின் கண்ணிலும் அதே வெளிச்சம். ஈரத் தலையும் சோடாப் போத்தலுமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம், எங்களுக்கே தெரியாமல். கீழே கிடந்தவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வதனியைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளையள், நான் விழுந்தது உங்களுக்கு அவ்வளவு சந்தோசமோ?"

ஆக, பதினொரு வருட சேவையில் நான் கண்டுபிடித்தது இதுதான்: ஊருக்கெல்லாம் "ஓய்வெடுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வில்லாமல் போகிற ஒரே கூட்டம் நாங்கள்தான்.